துணி எந்தப் பக்கம் பறக்கிறது

நேற்று காலை பிரகாஷ் என் போனுக்கு ஒரு படம் அனுப்பியிருந்தான். நான் வேலை பார்த்த கடையில் இப்போது வீடு வீடாகப் போய் அடுப்பு மாட்டுகிறவன் அவன். படத்தில் ஏற்காட்டு வீடு ஒன்றின் வெளிச்சுவர். சுவரில் இரண்டு குழாய்கள். ஒன்று அடுப்பின் புகை வெளியே வருவது. அதற்கு ஒரு சாண் தள்ளி இன்னொன்று, அடுப்புக்குக் காற்று உள்ளே போவது. கீழே, "அண்ணா, ஃபினிஷிங் எப்டி?" என்று கேட்டிருந்தான்.

ஃபினிஷிங் நன்றாகத்தான் இருந்தது. நூல் பிடித்தாற்போல் இரண்டும் நேராக நின்றன. சுவரில் ஒரு சிராய்ப்பு கிடையாது. நான் உடனே கூப்பிட்டு, அடுப்பை அணைக்கச் சொன்னேன். அணைத்துவிட்டான். "ஏண்ணா? நல்லாத்தானே எரியுது?" என்றான். அதைப் போனில் சொல்ல எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன். கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கிற மற்றவர்களும் படிக்கட்டும். எட்டாவதைத் தாண்டாதவன் எழுத்து, பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

இந்த அடுப்பு சமையலுக்கு இல்லை. குளிரும் ஊர்களில் அறையைச் சூடாக்குவதற்கு. இடுப்பு உயர இரும்புப் பெட்டி, முன்னால் கண்ணாடிக் கதவு. மரத்தூளையும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைத் தோலையும் அரைத்து அழுத்தி, பென்சிலைத் துண்டு துண்டாக நறுக்கியதுபோல் செய்த குச்சிகள்தான் இதற்கு விறகு. பெல்லட் என்பார்கள். மேல் தொட்டியில் கொட்டிவிட்டால் உள்ளே ஒரு திருகு மெதுவாகச் சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாக எரிகிண்ணத்தில் தள்ளும். ஒரு விசிறி புகையை இழுத்துக் குழாய் வழியாக வெளியே அனுப்பும். புகை போகப் போக, இன்னொரு குழாய் வழியாக வெளியிலிருந்து புதுக் காற்று வரும். "மூச்சு வுடற ஓட்ட ஒண்ணு, மூச்சு வாங்கற ஓட்ட ஒண்ணு. மத்ததெல்லாம் தகரம்" என்பார் அன்வர் பாய். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நான் கண்ணமங்கலத்துக்காரன். எட்டாவது பரீட்சைக்குப் போன நாளில் பஸ் ஏறிவிட்டேன். ஏன் ஏறினாய் என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். பஸ் நின்றது, ஏறினேன். அப்பா இல்லை, அம்மா கல்லுடைக்கப் போய்க்கொண்டிருந்தாள். லாரியில் கிளீனர், குஜராத்தில் உப்பளம், பிறகு இமாசலத்தில் ஆப்பிள் பெட்டி தூக்குகிற வேலை. அங்கே ஒரு ஓட்டலில் அடுப்பு மாட்ட வந்த மெக்கானிக்குக் குழாய் பிடித்துக் கொடுத்தேன். மறுநாளும் பிடித்தேன். அப்படியே ஏழு குளிர்காலம் போயிற்று. ஒரு பனியில் இடது காலில் இரண்டு விரல் நுனி போனது. செருப்பு நம்பர் மாறவில்லை.

அங்கே கற்றுக்கொண்ட பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பனி இடுப்பளவு விழுகிற ஊர். காற்றுக் குழாயைத் தாழ்வாக வைத்தால் பனி மூடிவிடும். அதனால் இரண்டு குழாயையும் உயரத்தில், பக்கத்தில் பக்கத்தில் வைப்போம். அந்த மலையில் குளிர்காலம் முழுக்கக் காற்று ஒரே பக்கம் வீசிக்கொண்டிருக்கும். வந்த புகையை அது அப்போதே அடித்துக்கொண்டு போய்விடும். அதனால் எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததால் அதுதான் சரியான முறை என்று நினைத்துக்கொண்டேன். ஊர் மாறினால் காற்றும் மாறும் என்பதை நினைத்துப் பார்க்கவில்லை.

திரும்பி வந்தபோது வாணியம்பாடியில் அன்வர் பாய் கடையில் சேர்ந்தேன். அவர் தோல் பதனிடுகிற ஷாப்பில் பாய்லர் ரூமில் பல வருடம் இருந்தவர். பெல்லட் வந்ததும் வேலையை விட்டுவிட்டு இந்த அடுப்புக் கடையைப் போட்டார். ஏலகிரி, ஏற்காடு, ஊட்டி என்று ஓட்டல்களுக்கும் பங்களாக்களுக்கும் மாட்டிக் கொடுப்போம். வெள்ளை ஜிப்பாவில்தான் வேலைக்கு வருவார். திரும்பும்போதும் அது வெள்ளையாகத்தான் இருக்கும். கையில் ஒரு பிஸ்கட் டின். அதில் ஊதுபத்திக் கட்டு, சிவப்பு ரிப்பன், தீப்பெட்டி.

ஒரு வீட்டுக்குப் போனால் பாய் முதலில் அடுப்பு வைக்கிற அறையைப் பார்க்க மாட்டார். நேராகக் கொல்லைப் பக்கம் போய், துணிக் கொடி எங்கே இருக்கிறது என்று பார்ப்பார். பிறகு வீட்டு அம்மாவைக் கூப்பிட்டு, "அம்மா, துணி எந்தப் பக்கம் பறக்குது?" என்று கேட்பார்.

ஏலகிரியில் ஒரு அம்மா, "இன்னா பாய், அடுப்பு மாட்ட வந்தீங்களா, துணி தொவைக்க வந்தீங்களா?" என்று கேட்டுவிட்டார்.

பாய் சிரிக்கவில்லை. "ரெண்டும் ஒரே வேலைதாம்மா. சொல்லுங்க."

"காலைல அந்த மரத்துப் பக்கம் பறக்கும். சாய்ங்காலம் வூட்டுப் பக்கம் வந்து அடிக்கும். ஐப்பசில எந்தப் பக்கமும் பறக்காது, காயவே காயாது."

பாய் என் பக்கம் திரும்பி, "எழுதிக்க" என்றார். நாலு காலத்துக்கும் காற்று எப்படி என்பதை எந்த எஞ்சினியரும் அவ்வளவு சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது.

பிறகுதான் குழாய். புகைக் குழாயின் வாய், இரண்டு சுவர் சேர்கிற மூலையில் இருக்கக் கூடாது. அங்கே புகை சுழன்றுகொண்டு நிற்கும். காற்றுக் குழாய் முடிந்தால் வேறு சுவரில், தாழ்வாக. வேறு சுவர் இல்லாவிட்டால் எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி. வாயில் கம்பி வலை, குளவி கூடு கட்டாமல் இருக்க. மாட்டி முடித்து அடுப்பைப் பற்றவைத்ததும் வெளியே போய்க் காற்றுக் குழாயின் வாயருகே ஊதுபத்தியைப் பிடிக்க வேண்டும். அதன் புகை நேராக உள்ளே போனால் அடுப்பு நன்றாக இழுக்கிறது என்று அர்த்தம். ஒரு குச்சியில் ரிப்பனைக் கட்டி நட்டு, காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கடைசி வேலை, உட்காருவது. காலைக் காற்று மாறி மாலைக் காற்று வருகிறவரை அந்த அறையில், அந்தக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். தீ மஞ்சளும் வெள்ளையுமாகத் துள்ளினால் நல்லது. செம்மஞ்சளாகி, நீளமாகி, குடித்தவன் மாதிரி ஆடி, கண்ணாடியும் கருக்க ஆரம்பித்தால், அடுப்பு தான் விட்ட புகையையே திரும்ப இழுத்துக்கொண்டிருக்கிறது. அப்படி அரைகுறையாக எரிகிற தீயிலிருந்து வருகிற வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலிதான் வரும். அதற்குப் பிறகு அதுவும் வராது.

எனக்கு எல்லா வேலையும் வந்தது. உட்காரத்தான் வரவில்லை. பாயிடம் ஒருதடவை, "எரியுதான்னு பாத்தாச்சி இல்ல பாய், அப்பறம் எதுக்கு?" என்றேன்.

"டாக்டரு ஊசி போட்டுட்டு, செத்த நேரம் ஒக்காந்துட்டுப் போங்கன்னு சொல்றாரு இல்ல, எதுக்கு?" என்றார் பாய். "ஒக்காருப்பா. சும்மாதானே ஒக்கார சொல்றேன்."

இனி ஜவ்வாது மலை.

ஜமுனாமரத்தூருக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் குமரேசன் என்று ஒரு வாத்தியார் இருந்தார். அவர் மனைவி செல்வி, அந்தப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் கிராம நர்ஸ். அவரும் கண்ணமங்கலத்துப் பக்கம்தான். மலையில் எல்லோரும் நர்சம்மா என்றே கூப்பிடுவார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். அவருக்கு ஆறாவது மாதம். அதற்கு முன்பு இரண்டு தடவை உண்டாகி, இரண்டும் தங்கவில்லை. இந்தத் தடவை வேலைக்கு லீவு போட்டுவிட்டு வீட்டிலேயே இருக்கச் சொல்லியிருந்தார்கள். கார்த்திகை பிறந்து மலை நடுங்க ஆரம்பித்திருந்தது. மலையில் சாதாரணமாக இரும்புச் சட்டியில் கங்கு அள்ளி அறைக்குள் வைத்துக்கொள்வார்கள். நர்சம்மாவுக்குப் புகை பட்டால் மூச்சு இளைக்கும். அதோடு, பிள்ளை பெற்ற அறையில் கங்குச் சட்டி வைக்காதீர்கள் என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தவரே அவர்தான். அதனால் வாத்தியார் ஏலகிரியில் ஒரு லாட்ஜ் கழித்துப்போட்ட பெல்லட் அடுப்பை வாங்கி, எங்கள் கடைக்குச் சொல்லி அனுப்பினார். பாய்க்கு அன்றைக்கு ஊட்டியில் வேலை. நான் தனியாகப் போனேன்.

கல்லுச் சுவர் வைத்த வாடகை வீடு. நீளமாக ஒரே அறை. கிழக்கே வாசலும் ஒரு ஜன்னலும். ஜன்னலுக்குப் பக்கத்திலேயே சமையலறை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வாசலுக்கு எதிரே துணிக் கொடி. அதில் ஒரு நீலப் புடவை காய்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு அதன் அடியில் குனிந்து உள்ளே போனேன்.

மேற்குச் சுவரில் காற்றுக் குழாய், வடக்கே புகைக் குழாய் என்று மனதில் போட்டுக்கொண்டு டிரில்லிங் மிஷினை எடுத்தேன். நர்சம்மா கட்டிலை விட்டு எழுந்து வந்து, சுவரை ஒட்டி நின்றுகொண்டார்.

"அண்ணா, அத உள்ள வைங்க. சுவத்துல கை வெக்க வேணாம்."

"சின்ன ஓட்டதான் நர்சம்மா. நாலு இஞ்சு."

"நாலு இஞ்சோ நாப்பது இஞ்சோ. புள்ள பொறக்கற வரைக்கும் இந்த வூட்ல இடிக்கறது, தொளைக்கறது, ஆணி அடிக்கறது எதுவும் கெடையாது."

மாசமாக இருக்கிற பெண் உள்ள வீட்டில் சுவரைத் தொட மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாததில்லை. எங்கள் ஊரிலும் அப்படித்தான். ஆனால் பெரியவர்கள் யாராவது சொல்வார்கள். நர்ஸ் சொல்லி நான் கேட்டதில்லை. வாத்தியாரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார்.

"நர்சு இப்டி பேசுதேன்னு பாக்கறீங்களாண்ணா?" என்றார் நர்சம்மா. "மொத தடவ தண்ணிக் குழாய் போட சுவத்த ஒடச்சோம். அதனாலதான் போச்சின்னு நான் சொல்லல. படிச்சிருக்கேன், அதனால இல்லன்னு எனக்குத் தெரியும். ஆனா இந்தத் தடவ எதையும் வுட்டு வெக்கப் போறதில்லண்ணா. மாத்திரயும் சாப்பிடறேன். சுவத்தையும் தொடல."

மிஷினை உள்ளே வைத்தேன். ஜன்னல் ஏற்கெனவே இருக்கிறது, அதை யாரும் புதிதாகத் துளைக்கவில்லை. ஒரு கதவை மட்டும் கழற்றிவிட்டு, அந்த இடத்துக்கு அளவாகப் பலகை வெட்டி, பலகையில் இரண்டு வட்டம் போட்டு, இரண்டு குழாயையும் அதன் வழியாகவே வெளியே விட்டேன். நடுவே ஒரு சாண். இமாசலத்தில் நூறு தடவை செய்த வேலை. பார்க்க அழகாக இருந்தது. பிரகாஷ், உன் படத்தில் இருப்பதைப் போலவே இருந்தது.

மத்தியானம் பற்றவைத்தேன். தீ துள்ளியது. அறை சூடானதும் நர்சம்மா சால்வையை எடுத்துக் கட்டிலில் போட்டார். அதைப் பார்க்க எனக்கும் சந்தோஷமாக இருந்தது. இரண்டரை மணிக்குப் போளூர் பஸ். அதை விட்டால் மறுநாள்தான்.

"சாய்ங்காலம் இங்க காத்து மாறும்ணா," என்றார் நர்சம்மா. "இருந்து பாத்துட்டுப் போங்களேன். கேவுரு களி கெளறி வெச்சிருக்காரு வாத்தியாரு."

"எல்லாம் சரியா இருக்குதும்மா. நான் வர்றேன்" என்று பையை எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் எனக்கு வேறு வேலை எதுவும் இல்லை. யாரும் எனக்காகக் காத்திருக்கவும் இல்லை. பஸ் இருந்தது, ஏறினேன். பாய் போனில், "ஒக்காந்தியா?" என்று கேட்டார். "ஒக்காந்தேன் பாய்" என்றேன்.

சரியாகப் பன்னிரண்டாம் நாள் நர்சம்மா கூப்பிட்டார்.

"அண்ணா, செல்வி பேசறேன். கொழந்த நல்லா இருக்குது. மொதல்ல அத சொல்லிட்றேன்."

கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன். அவர் கீழே பெரிய ஆஸ்பத்திரியில் பெஞ்சில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். மாலையில் தலை கனத்திருக்கிறது. மாசமாக இருப்பதால் என்று விட்டிருக்கிறார். தினமும் மாலை டீ குடித்துவிட்டு இடப் பக்கமாகப் படுத்துக் குழந்தை எத்தனை தடவை அசைகிறது என்று எண்ணி நோட்டில் எழுதுவது அவர் வழக்கம். மூன்று நாளாக எண்ணிக்கை குறைந்திருக்கிறது. நாலாம் நாள் துணி எடுக்க வெளியே வந்து கொஞ்ச நேரம் நின்றபோது குழந்தை நன்றாக உதைத்திருக்கிறது. உள்ளே போய்ப் படுத்தால் மறுபடி அசைவில்லை, தலையும் கனக்கிறது. அந்த இடத்திலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. அடுப்பை அணைத்து, கதவையெல்லாம் திறந்துவிட்டு, வாத்தியாரைக் கூப்பிட்டு ஜீப் பிடித்துக் கீழே வந்திருக்கிறார். அங்கே இருதயத் துடிப்பு பார்த்து, ஸ்கேன் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள்.

"கங்குச் சட்டி வெக்காதீங்கன்னு ஊரெல்லாம் சொல்லிகினு திரிஞ்சேன்," என்றார். "கடைசில நானே அத கண்ணாடி போட்ட பொட்டில வெச்சிகினேன், பாருங்க." சிரிக்கத்தான் பார்த்தார். வரவில்லை.

ஒரு தடவைகூட என்னைக் குற்றம் சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

பாயிடம் போய் உள்ளதைச் சொன்னேன். அவர் கணக்கு நோட்டை மூடிவிட்டு, "கொழந்த?" என்றார்.

"நல்லா இருக்குது பாய்."

"அந்தம்மா?"

"நல்லா இருக்காங்க."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று கண்ணை மூடிக்கொண்டார். பிறகு ஸ்டூல் போட்டு ஏறி, கடைச் சுவரில் மாட்டியிருந்த அலாரத்தைக் கழற்றினார். அந்த விஷ வாயு வந்தால் கத்துகிற சின்ன வெள்ளை டப்பா அது. கடையில் ஆட்களுக்குக் காட்ட அடுப்பு எரிப்போம், அதற்காக வைத்திருந்தது. ஜிப்பா முனையால் தூசியைத் துடைத்து என் கையில் கொடுத்தார். அந்த ஜிப்பாவில் அழுக்கு ஏறி நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

"இது இனிமே அந்த வூட்டுதுதான். எடுத்துகினு போ." நான் வாசல் வரை போனபோது கூப்பிட்டார். "ஆறுமுகம், நீ கெளம்பும்போது அந்தம்மா இருன்னு சொல்லிச்சா?"

"சொல்லிச்சி பாய்."

"எங்கிட்ட பொய் சொன்னதுக்கு எனக்குக் கோவம் இல்ல," என்றார். "இதுக்குத்தான் கோவம்."

மறுநாள் முதல் பஸ்ஸில் மலை ஏறினேன். நர்சம்மா வீட்டுக்கு வந்திருந்தார். அடுப்பு அணைந்து கிடந்தது. வெயிலில் கோரைப்பாய் விரித்து, சால்வை போர்த்திக்கொண்டு மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முதலில் கேட்டது, "சாப்ட்டீங்களாண்ணா?"

நோட்டைக் கேட்டு வாங்கினேன். தேதி, நேரம், எண்ணிக்கை. பக்கத்தில் சின்ன எழுத்தில் அன்றன்றைக்கு நடந்தது. குறைந்த மூன்று நாளிலும் கிட்டத்தட்ட ஒரே வரி இருந்தது: 'நீலப் புடவை ஜன்னல் மேலேயே அடிக்கிறது. புகை வாசனை. மறுபடி அலசினேன்.' எண்ணிக்கை நன்றாக இருந்த நாட்களில் 'மாலைக் காற்று லேசு' என்று மட்டும் இருந்தது.

பாய் கேட்கச் சொல்கிற கேள்விக்கு இந்த அம்மா கேட்காமலே பதில் எழுதி வைத்திருந்தார். நான் அந்தப் புடவைக்கு அடியில் குனிந்து போனவன்.

அன்று அவரை வெளியிலேயே இருக்கச் சொல்லி, கதவைத் திறந்து வைத்து அடுப்பைப் பற்றவைத்தேன். ரிப்பனை நட்டேன். மூன்றரை வரை ஒரு குறையும் இல்லை. நாலு மணி வாக்கில் ரிப்பன் தொங்கியது. பிறகு மெதுவாகத் திரும்பி வீட்டைப் பார்த்துப் பறந்தது. குழாயிலிருந்து வந்த புகை போக இடமில்லாமல், சமையலறைச் சுவருக்கும் ஜன்னலுக்கும் நடுவே இருந்த மூலையில் முட்டிச் சுழன்று, ஊசியில் நூல் கோர்ப்பதுபோல் காற்றுக் குழாய்க்குள் போயிற்று. கொஞ்சம் பலகை இடுக்கு வழியாக அறைக்கே போயிற்று. உள்ளே தீ செம்மஞ்சளாகி ஆட ஆரம்பித்தது. கண்ணாடியின் ஓரம் கருத்தது. பஸ் போய் ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. அன்றைக்கு நான் இருந்திருந்தால் காற்று வீட்டுப் பக்கம் திரும்புவதை முதல் நாளே பார்த்திருப்பேன்.

அணைத்துவிட்டு வந்து அவர் எதிரே உட்கார்ந்தேன். புகைக் குழாயை ஜன்னலிலிருந்து நிமிர்த்திக் கூரைக்கு மேலே கொண்டுபோக வேண்டும். காற்றுக் குழாயை வீட்டின் மறுபக்கம் கொண்டுபோக வேண்டும். இரண்டுக்கும் சுவர் வேண்டும்.

"நிமித்தற கொழாய சுவத்தோட புடிக்கப் பட்ட அடிக்கணும் நர்சம்மா. ஆணி கூடாது. மூங்கில் நட்டு அதுல கட்டிட்றேன். குழி தோண்டலாமா?"

அவர் மொச்சையை உரிப்பதை நிறுத்தி யோசித்தார். "மண்ணு வேற, சுவரு வேற. செடி நடற மாதிரின்னு வெச்சிக்கலாம்ணா."

வாத்தியார், "பாருங்க சார், சட்டம் எப்டியெல்லாம் வளையுது" என்றார்.

"நீங்க சும்மா இருங்க. களியில உப்பு போட மறந்த ஆளு," என்றார் நர்சம்மா. பிறகு என்னிடம், "மறுபக்கம்னா மேக்கால தானே? அந்த மூலைல தண்ணி போற ஓட்ட ஒண்ணு இருக்குதுண்ணா. முன்னாடி குடியிருந்தவங்க அங்கதான் குளிப்பாங்களாம். பாம்பு வரும்னு துணிய வெச்சி அடைச்சி வெச்சிருக்கோம். அது சுவரு கட்டும்போதே வுட்டதுதானே? நாம தொளைச்சது இல்லையே?"

போய்ப் பார்த்தேன். தரையோடு தரையாக, கையை விட்டால் தாராளமாகப் போகிற ஓட்டை. மேற்குப் பக்கம், புகைக்கு எட்டாத இடம், தாழ்வு. பாய் வந்து இடம் பார்த்திருந்தாலும் அதைத்தான் காட்டியிருப்பார். பன்னிரண்டு நாளைக்கு முன்பு நான் அந்த அம்மாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

இரண்டு நாள் வேலை. ஜன்னல் பலகையின் இடுக்கெல்லாம் கயிறும் பசையும் வைத்து அடைத்தேன். மூங்கிலில் கட்டிப் புகைக் குழாயைக் கூரைக்கு மேல் ஏற்றினேன். காற்றுக் குழாயை ஓட்டை வழியாக விட்டு, வாயில் இரட்டை வலை கட்டினேன், குளவிக்கு ஒன்று, பாம்புக்கு ஒன்று. அறைக்குள் தரையில் ஓடுகிற குழாய் நர்சம்மா காலில் தட்டக் கூடாது என்று வாத்தியார் பழைய பெஞ்சுப் பலகையால் அதற்கு ஒரு மூடி செய்தார். கரண்டு போனால் விசிறி நிற்கும் என்பதால் பேட்டரியும் வைத்தோம்.

அதன்பிறகு உட்கார்ந்தேன். முதல் நாள் நான் மட்டும். காலைக் காற்று, மாலைக் காற்று, இரண்டுக்கும் அறைக்குள் இருந்தேன். அலாரம் என் தலைக்கு மேலே. நர்சம்மா பக்கத்து வீட்டில். இரண்டரை மணிக்குக் கீழே சாலையில் பஸ் ஹாரன் அடித்தபோது அங்கிருந்தே குரல் கொடுத்தார்: "இன்னாண்ணா, பஸ்ஸு போகுதே, ஏறலையா?"

மறுநாளும் ஹாரன் அடித்ததும் அதையே கேட்டார். வாத்தியாரும் கூடச் சேர்ந்துகொண்டார். எனக்கு அது வேண்டியதுதான்.

இரண்டாம் நாள் மாலை. ரிப்பன் வீட்டுப் பக்கம் திரும்பிவிட்டது. தீ துள்ளுகிறது. அலாரம் பேசவில்லை. நர்சம்மா டீ குடித்துவிட்டு, கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு, அலாரத்தைத் தலைமாட்டில் மாட்டி, இடப் பக்கமாகப் படுத்தார். வாத்தியார் நோட்டோடு வாசற்படியில் உட்கார்ந்தார். நான் மேற்குப் பக்கம் போய் அந்த ஓட்டையின் முன் குந்தி, மிச்சமிருந்த பாதி ஊதுபத்தியைப் பற்றவைத்துப் பிடித்தேன். புகை வளையாமல் நேராக உள்ளே போயிற்று.

ஊதுபத்திச் சாம்பல் வளைந்து விழுந்தது.

"ஒண்ணு" என்றார் உள்ளேயிருந்து.

எனக்குக் குழந்தை இல்லை. கல்யாணமும் இல்லை. ஒரு இடத்தில் இருந்தால்தானே. ஆனாலும் அந்த 'ஒண்ணு'க்கும் அடுத்ததுக்கும் நடுவே நான் மூச்சு விட்டதாக நினைவில்லை.

"ரெண்டு... மூணு. இன்னாடா இது, வரிசையா."

வாத்தியார் எண்ணைத் திருப்பிச் சொல்லிக்கொண்டே எழுதினார். நாலு. ஐந்து வரக் கொஞ்சம் தாமதமாயிற்று. ஆறும் ஏழும் ஒன்றாக வந்தன. காற்று இன்னும் வீட்டுப் பக்கமே அடித்துக்கொண்டிருந்தது. நான் அங்கிருந்து நகரவில்லை.

"பத்துண்ணா!" என்று கத்தினார் நர்சம்மா. "பத்து வந்துடுச்சி, டீ டம்ளரு இன்னும் வெதுவெதுன்னு இருக்குது!"

ஊதுபத்தி எரிந்து விரலைச் சுட்டது அப்போதுதான் தெரிந்தது.

மாசி மாதம் பெண் குழந்தை பிறந்தது. பாய் ஒரு டப்பா மக்கன் பேடா இனிப்பு கொடுத்து அனுப்பினார். குழந்தையைப் பார்த்துவிட்டு வந்து, தரையில் ஓடுகிற குழாயைப் பார்த்தேன். மூடி போட்டிருந்தாலும் அறையில் பாதியை அடைத்துக்கொண்டிருந்தது. "நர்சம்மா, இப்ப சுவத்துல கை வெக்கலாமே. வடக்கால ஒண்ணு, மேக்கால ஒண்ணு தொளைச்சி, நேரா வெச்சிட்றேன். எடம் மிச்சம்" என்றேன். பையில் மிஷின் கொண்டுபோயிருந்தேன்.

அவர் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே அந்தச் சுவரைப் பார்த்தார்.

"வேணாண்ணா. நான் கேட்டத அது செஞ்சி குடுத்துச்சி. இப்ப போய் அத தொளைச்சா நல்லாவா இருக்கும்?"

மிஷினைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. அவர்கள் இப்போதும் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள். முட்டி தேய்ந்து வேலையை விட்ட பிறகும், ஐப்பசி முடிகிறபோது நான் மலை ஏறி அந்த வலையைக் கழற்றிச் சுத்தம் செய்து, ஊதுபத்தி பிடித்துப் பார்த்துவிட்டு வருகிறேன். இரண்டரை மணி பஸ்ஸில் ஏறுவதில்லை. மறுநாள்தான் இறங்குவேன்.

பிரகாஷ், உன் குழாய்களைப் பார்த்து மட்டும் நான் நேற்று உன்னைக் கூப்பிடவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார். இடது ஓரத்தில் ஒரு கொடி பாதி தெரிகிறது. அதில் ஒரு குழந்தையின் சட்டை காய்கிறது. மஞ்சள் சட்டை, கை இரண்டும் நீட்டிக்கொண்டு, உன் குழாய்கள் இருக்கிற பக்கமாகப் பறக்கிறது. நாளைக்கு முதல் பஸ்ஸில் போ. அந்தச் சட்டையைத் துவைத்தவர் யாரென்று விசாரித்து, அவரைக் கேட்டுக் குழாயை மாற்று. மாற்றிவிட்டு, சாயங்காலம் வரைக்கும் உட்கார்.